பியூகிளின் ஐந்து சுரங்கள்

நவம்பர் 1 நெருங்கினால் புதுச்சேரியில் சாரத்துப் பக்கம் காலையில் ஏதாவதொரு பள்ளி மைதானத்திலிருந்து சைடு டிரம் சத்தம் கேட்கும். 1954-இல் அந்த நாளில்தான் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. விடுதலை நாள் அணிவகுப்பில் பள்ளிப் பிள்ளைகளும் பேண்டோடு கடற்கரைச் சாலையில் நடப்பார்கள். எல்லார் கண்ணும் டிரம் மேல் இருக்கும். என் காது பியூகிளைத் தேடும்.

பியூகிளில் துளை கிடையாது, அழுத்தும் வால்வு கிடையாது. சுருட்டிய குழாய்தான், நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரும். ஊதுபவரின் உதடு அதிர, உள்ளேயுள்ள காற்றும் அதிர்கிறது. குழாயின் நீளம் மாறாததால் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளே அதில் நிலைத்து ஒலிக்கும். வழக்கமாக ஊதுவது 2 முதல் 6 வரையான மடங்குகளை. நம் கணக்கில் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. அவ்வளவே! ரி, ம, த, நி வராது. அந்தக் காந்தாரம் மேல் சட்ஜத்துக்கு 5:4 விகிதத்தில் நிற்கிறது; அசல் அந்தர காந்தாரம். கீபோர்டில் அதுவே சற்று ஏறித்தான் ஒலிக்கும்.

உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். விரலுக்கு வேலையே இல்லை. கன்னத்தை உப்பவைத்து ஊதும் பிள்ளைக்கு உதடு சீக்கிரம் சோர்ந்துவிடும். மூச்சு அடிவயிற்றிலிருந்து எழ வேண்டும்.

படையில் கட்டளை சொல்லப் பயன்பட்ட கருவி இது. எழுந்திரு, கூடு, முன்னேறு என ஒவ்வொன்றுக்கும் தனி ஊதல். முதல் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் பியூகிளையும் டிரம்மையும் வைத்துக் குழுக்கள் அமைத்தன. ஊர் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தன. அது போட்டியாக வளர்ந்து, 1972-இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே பியூகிளுக்கு ஒவ்வொன்றாக வால்வு சேர்ந்து, இன்று எல்லாச் சுரமும் வாசிக்கிறார்கள். இந்தியாவில் 1948-இல் தொடங்கிய என்.சி.சி. (தேசிய மாணவர் படை), படை மரபைக் கல்விக்கூடங்களுக்குள் கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் கையில் இன்னும் பழைய பியூகிள்தான்.

அணிவகுப்பில் நடையை ஒழுங்கில் வைப்பது பேஸ் டிரம். அதன் அழுத்தமான அடி இடது காலில் விழும். நிமிடத்துக்குச் சுமார் 120 காலடி. சைடு டிரம்மின் அடித்தோலை ஒட்டிய கம்பிச் சுருள்கள் அதிர்வதால்தான் அந்தச் சரசரப்பு.

டிரம் மட்டும் இருந்தாலும் அணிவகுப்பு நடந்துவிடும் என்பதால் பியூகிளை விட்டுவிடுவது எளிது. பள்ளி நிர்வாகத்தாரே, அப்படி விட்டுவிடாதீர்கள். நான்கு பியூகிள் வாங்குங்கள். உதட்டுப் பயிற்சி தர, ஓய்வுபெற்ற பேண்டுக்காரர் ஒருவரை அழையுங்கள்.