கூப்பிட்டாலும் வராத சேவல்

மார்ச் மாதக் கடைசி. அலபாமாவின் பைன் காட்டில் விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உயரத்துக் கிளையிலிருந்து கொளகொளவென்று ஒரு முழக்கம். அமைதியான காலையில் அது ஒன்றரைக் கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும். காட்டு வான்கோழிச் சேவல், தரையிறங்கும் முன்பே தான் இருக்கும் இடத்தைப் பெட்டைகளுக்குச் சொல்லிவிடுகிறது. கீழே மரத்தில் முதுகைச் சாய்த்து, முகத்தையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரர் பெட்டையின் குரலில் பதில் கொடுக்கிறார். அதற்கென்றே ஒரு மரப்பெட்டி உண்டு. மூடியை விளிம்பில் உரசினால் பெட்டை கூப்பிடுவதுபோலவே ஒலிக்கும். அர்கன்சாஸைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-லேயே இத்தகைய பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காட்டு வழக்கப்படி கூவுவது சேவல். தேடி வருவது பெட்டை. வேட்டைக்காரரோ சேவலை வரவழைக்கப் பார்க்கிறார். இரண்டு வயதுச் சேவல் சில சமயம் ஆத்திரப்பட்டு ஓடி வந்துவிடும். வயதேறியது வராது. துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் நின்று, வாலை விசிறியாக விரித்து, பெட்டை தானாக வரட்டும் என்று காத்திருக்கும். வரவில்லையா, திரும்பி நடந்துவிடும்.

பெட்டைகள் சூழ நிற்கும் சேவல் இன்னும் கடினம். துணை பக்கத்திலேயே இருக்கும்போது, கண்ணில் படாத ஒரு குரலுக்காக அது ஏன் நகர வேண்டும்?

காட்டு வான்கோழியின் கிளையினங்களில் எது கடினம் என்று கேட்டால், பலரும் கிழக்கத்தியக் காட்டு வான்கோழியைத்தான் சொல்வார்கள். ஃபுளோரிடா தீபகற்பத்தில் மட்டும் வாழும் ஆசியோலாவுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. செமினோல் தலைவரின் பெயரை 1890-ல் பெற்ற அந்தப் பறவைக்குச் சைப்ரஸ் சதுப்பே அரண். ஆனால் இனத்தைவிட அனுபவம்தான் பெரிய காரணம். பொதுக் காடுகளில் பல வாரங்கள் போலிக் குரல்களைக் கேட்டுப் பழகிய சேவல், கூவுவதையே குறைத்துக்கொள்கிறது. வந்தாலும் ஓசையில்லாமல் வரும். பக்கவாட்டில் அமைந்த அதன் கண்களுக்குத் தலைக்குப் பின்னால் ஒரு சிறு பகுதியைத் தவிர எல்லாம் தெரியும். கொசுவை விரட்டக் கை அசைந்தாலே போதும், அன்றைய வேட்டை முடிந்தது.

இந்த அச்சம் வெறும் தொல்லை இல்லை. இந்த இனத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 1930-களில் காட்டு வான்கோழிகள் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்டன என்று கணக்கிடுகிறார்கள். பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. தாய்க்குப் பின்னால் நடந்து ஆபத்தை அறியும் வாய்ப்பு அவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. 1950-களில் வெடிவிசையால் பாயும் வலைகளைக் கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து, வேறு காடுகளில் குடியேற்றினார்கள். அப்போதுதான் எண்ணிக்கை ஏறியது. பிற்காலத்தில் அறுபது லட்சத்தையும் தாண்டியது. வேட்டைக்காரரை ஏமாற்றித் திருப்பி அனுப்பும் அந்த எச்சரிக்கைதான் அவற்றைப் புதிய காடுகளில் வாழவைத்தது.

அனுபவசாலிகள் காலையில் தோற்றதும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. வெயில் ஏறிய பிறகு பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடக் கூட்டுக்குப் போய்விடும். சேவல் தனியாக நிற்கும். விடியலில் அலட்சியம் செய்த குரல் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்பது அதற்கு நினைவிருக்கும். சில நாள்களில் பத்து மணிக்கு மேல், ஒரு சத்தமும் இல்லாமல், அது அந்த மரத்தைத் தேடி வருகிறது.