தேர்வா, இலவச வேலையா?

பழைய கிரயப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு, விண்ணப்பதாரரின் திறமையை அறிய ஒரு சர்வே எண் போதும். எக்செல் கட்டத்தில் 12/3 என்று அடித்து என்டரைத் தட்டினால், கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து அது மார்ச் 12 ஆகவோ டிசம்பர் 3 ஆகவோ மாறிவிடும். பிறகு அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' ஆக்கினால், சம்பந்தமே இல்லாத ஓர் ஐந்திலக்க எண் வந்து நிற்கும். அடிப்பதற்கு முன்பே கட்டங்களை டெக்ஸ்ட் ஆக்கி வைப்பவருக்குத்தான் வேலை தெரியும். இந்தத் தொல்லையிலிருந்து விஞ்ஞானிகளும் தப்பவில்லை. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. சர்வே எண்ணை அப்படி மாற்ற முடியாது. தப்பாக ஏறிவிட்டால், நாளை நகல் கேட்டு வருபவருக்கு அந்தப் பத்திரம் அகப்படாது.

ஆகவே தேர்வு வைப்பது நியாயமே. ஆனால் அது எப்படிப்பட்ட தேர்வு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மாதிரித் தாள், பழைய வானவில் எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுதல், தேடினால் கிடைக்கும்படி கோப்புக்குப் பெயரிடுதல், எத்தனை பிழை வரை ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுதல் ஆகியவை நேர்மையான தேர்வின் அடையாளங்கள். வெறும் தட்டச்சு வேகத்தை மட்டும் அளந்தால் ஆவணப் பணிக்கு ஏற்றவரா என்று தெரியாது.

நூறு, இருநூறு பக்கங்களைக் கொடுத்து 'ட்ரையல்' என்று சொன்னால் சுதாரித்துக்கொள்ள வேண்டும். அத்தனை பக்கமும் அவர்களுக்கு வேறு யாரோ காசு கொடுத்து ஒப்படைத்த வேலையாக இருக்கலாம். பதிவுக் கட்டணம், சாஃப்ட்வேர் கட்டணம், பயிற்சிக்கான முன்பணம் என்று எதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. சம்பளம் கொடுக்க வேண்டியவர் நம்மிடம் பணம் கேட்பதில் என்ன நியாயம்?

இதைவிடக் கொடிய வகை ஒன்று உண்டு. நாடு முழுவதும் வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி தேடுபவர்கள் இதில் சிக்குகிறார்கள். முதலில் ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மங்கலான ஸ்கேன் பக்கங்களை அனுப்பி, சில நாள்களுக்குள் 90 சதவீதத் துல்லியத்தோடு முடிக்கச் சொல்வார்கள். முடித்து அனுப்பியதும் 'தேறவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்' என்று அபராதம் கேட்பார்கள். கட்ட மறுத்தால் வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ், 'கைது வாரன்ட்' என்று மிரட்டல் வரும். கணவருக்கும் மாமியாருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே பணம் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள்.

அப்படிப் பயப்படத் தேவையில்லை. வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல. ஒப்பந்தத்தை மீறியதற்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்வதில்லை. அது சிவில் வழக்கு. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். அதையும் தீர்மானிப்பது நீதிமன்றம். மாறாக, ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318இன்கீழ் மோசடிக் குற்றம். ஆனால் உண்மையான நீதிமன்ற சம்மன் வந்தால் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அரட்டைகள், ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காமல், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிய வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 எண் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.

தேர்வுக்கு ஆதார், பான், வங்கி விவரம் எல்லாம் எதற்கு? அடையாளம் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். 'கணினியைச் சரிபார்க்கிறோம்' என்று எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அதன் வழியே அவர்கள் நம் திரையில் எதையும் திறக்கலாம்.

அரசு அலுவலகத் தேர்வு என்றால் வழி வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தான் எழுதிய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரைவாசிப்பான் இல்லாத கணினியைக் கொடுத்து 'வேகம் போதாது' என்று நிராகரித்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி மாநில ஆணையரிடம் முறையிடலாம்.