சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கக் கழிவும் விளைநிலமும்

சேலத்திலிருந்து ஓமலூர் மார்க்கமாகச் செல்வோர், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வெள்ளைக்கோடுகள் ஓடிய குன்றுகளையும், அவற்றின் பக்கத்தில் குவிந்துகிடக்கும் கற்குவியல்களையும் கண்டிருப்பர். ஆங்கிலேயர் இக்குன்றுகளைச் சாக்குக்கட்டிக் குன்றுகள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பெயர் பிழையானது. இங்குள்ள வெள்ளைக்கல் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்ததன்று. மாக்னஸைட் என்னும் மக்னீசியக் கனிமம். எஃகு உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் நெருப்புச் செங்கல் செய்வதற்கு உதவுவதாகையால், ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இங்குச் சுரங்கங்கள் ஏற்பட்டன. 1979-ல் அரசாங்கத்தின் தமிழ்நாடு மாக்னஸைட் நிறுவனமும் ஏற்படுத்தப்பட்டது.

இக்கனிமம் டியூனைட் என்னும் பாறையினூடே நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஆகையால் எடுக்கும் கல்லைப்போல் பலமடங்கு பாறையும் தூளும் வீணாகக் குழியோரத்தில் கொட்டப்படுகின்றன. மலைமுகட்டில் வெட்டப்பட்ட பாக்ஸைட்டின் விஷயம் வேறு. அதிலிருந்து அலுமினா பிரிக்கையில் மிஞ்சும் காரமான செஞ்சேறு ஆலையிருக்குமிடத்தில் தங்குவதேயன்றி மலையில் தங்குவதன்று. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

கழிவுக்குவியல் தானாக நகர்ந்து வயலுக்கு வருவதில்லை. மழைநீரே அதைக் கொண்டுவருகிறது. மலைச்சரிவில் பெய்யும் மழை அடிவாரத்துக்கு வேகமாய் இறங்குங்கால், குவியலின் நுண்தூளை ஓடைகளிலும் ஏரிகளிலும் வண்டலாய்ப் படியச் செய்கிறது. வண்டலென்று மகிழ்ந்து இதை நிலத்தில் பரப்புவதும், வெண்மை கண்டு சுண்ணாம்பென எண்ணி இடுவதும் உண்டு. இரண்டும் தவறு. சந்தேகமிருப்பின், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். மாக்னஸைட் குளிர்ந்த அமிலத்தில் பெரும்பாலும் நுரைக்காது, சூடாக்கினாலே நுரைக்கும்.

மக்னீசியம் பயிருக்கு வேண்டிய சத்துத்தான். ஆனால் மண்ணில் கால்சியத்தைவிட மிகுமாயின், களிமண் இறுகி நீர் உள்ளிறங்காது. பயிர் கால்சியத்தை ஏற்பதும் குறையும். நிலக்கடலைக்கு இது விசேஷமான கெடுதி. கடலைக்காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர்வழியாகவன்றித் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்தே நேரே உறிஞ்சுவதால், அது கிட்டாவிடில் காய் பொக்காகும். டியூனைட் பாறையில் நிக்கலும் குரோமியமும் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

கழிவுக்கு உரிய இடம், கனிமம் எடுத்துத் தீர்ந்த குழியே. அது கூடுமளவும் குவியலைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாக அமைத்து, ஒவ்வொரு படியும் உட்பக்கம் சாய்ந்திருக்கச் செய்யவேண்டும். அடியில் கற்சுவரும், சுற்றிலும் வடிகாலும், வடிகாலின் முடிவில் தூள் படியும் குழிகளும் அவசியம். படிகுழிகளை மழைக்காலத்துக்கு முன் தூர்வாராவிடில் அவை இருந்தும் பயனில்லை. நேரில் பார்க்கும்போது முதலில் கவனிக்கவேண்டியது இதுவே. சுரங்கம் தோண்டுகையில் எடுத்த மேல்மண்ணைத் தனியே தாழ்ந்த குவியலாக வைத்திருந்து, வெகுநாள் கிடக்கவிடாமல், கழிவின்மேல் பரப்பி வெட்டிவேர், கற்றாழை, புங்கு முதலியன நடலாம். வெறும் பாறைத்தூளில் நட்ட கன்று அநேகமாய்ப் பிழைப்பதில்லை. மேல்மண்ணைத் தனியே காப்பதும், குவியலைச் சரியாது காப்பதும் 2017-ம் வருஷத்துக் கனிமப் பாதுகாப்பு அபிவிருத்தி விதிகளின்படி குத்தகைதாரர் கடமை. அவர் மனமுவந்து செய்யும் உபகாரமன்று.

ஆகவே கிராம நிர்வாக அலுவலர்கள், ஓடைப் புறம்போக்கில் வெண்தூள் படிந்திருப்பதைக் கண்டால், சர்வே எண்ணும் தேதியும் குறித்துப் படமெடுத்து, வட்டாட்சியருக்கும் கனிமத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதவேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட இடங்களுக்கெனக் குத்தகைதாரர் செலுத்தும் தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளையில் சேர்கிறது. 2015-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் ஏற்பட்ட இந்நிதியிலிருந்து ஓடை தூர்வாரவும் கோரலாம்.

தூள் ஏற்கெனவே ஏறிவிட்ட நிலத்தில், முதலில் மேற்படலத்தைச் சுரண்டி அப்புறப்படுத்துக. பின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பிக் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவென்று அறிந்து, வடிகால் வசதி செய்து ஜிப்சமும் தொழுவுரமும் இடுக. நிலக்கடலைக்கு 40 முதல் 45 நாட்களுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது வழக்கமான சிபாரிசு. இந்நிலங்களில் அதைத் தவறவிடலாகாது. கைவிட்ட குழிகளில் தேங்கிய நீர் தெளிவாயிருப்பதைக் கண்டு இஞ்சின் வைத்து இறைப்பவர்களும், பாய்ச்சுமுன் ஒரு புட்டி நீரைப் பரிசோதனைக்கு அனுப்புக.