950 வாக்குகளும் 87 வாக்குகளும்: 2016இல் ஆளுங்கட்சி மீண்டும் வென்ற கணக்கு

மாமல்லபுரத்தை உள்ளடக்கிய திருப்போரூர் தொகுதியில் 2016 மே 19 அன்று வாக்கு எண்ணிக்கை முடிந்தபோது, அ.தி.மு.க. வேட்பாளர் கோதண்டபாணி வெறும் 950 வாக்குகளே கூடுதலாகப் பெற்று வென்றிருந்தார். இரண்டாமிடம் தி.மு.க.வுக்கு. தனித்து நின்ற பா.ம.க. அங்கு பெற்ற வாக்குகளோ அந்த இடைவெளியைப் போலப் பன்மடங்கு. 1984க்குப் பிறகு தமிழகத்தில் ஆளுங்கட்சி ஒன்று தொடர்ந்து இரண்டாம் முறை வென்ற தேர்தல் அது.

மாநில அளவிலும் கணக்கு இதுவேதான். 234 தொகுதிகளிலும் இரட்டை இலைச் சின்னத்திலேயே போட்டியிட்ட அ.தி.மு.க. ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. தி.மு.க. - காங்கிரஸ் அணி அதைவிட ஒரு விழுக்காடு அளவே பின்தங்கியது. ஆனால் வாக்குப்பதிவு நடந்த 232 இடங்களில் 134 முன்னதற்கும் 98 பின்னதற்கும் போயின. மக்கள் நலக் கூட்டணியும் தே.மு.தி.க.வும் த.மா.கா.வும் இணைந்த அணி சுமார் 6 விழுக்காடும், பா.ம.க. 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் பெற்றன. இடம் ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தாலும், அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்னும் நம் தேர்தல் முறை ஆள்வோரைக் காப்பாற்றிவிடும்.

எதிர்க்கட்சிகள் ஏன் சிதறின? தலைவர்களின் முதலமைச்சர் ஆசையே காரணம் என்று நாளேடுகள் எழுதின. அது பாதி உண்மை. 2011இல் வி.சி.க.வும் பா.ம.க.வும் தி.மு.க. அணியில் ஒன்றாகவே நின்றன. 2012 நவம்பரில் தருமபுரியின் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2013 ஏப்ரலில் மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்க விழாவுக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் தீக்கிரையாயின. அதன்பின் அவ்விரு கட்சிகளையும் ஒரே மேடையில் ஏற்றுவது எப்படி? எதிர்ப்பு வாக்குகளைக் காகிதத்தில் கூட்டிப் பார்ப்போர், அக்கூட்டலுக்கு நடுவே சாதி நிற்பதைக் காண மறுக்கின்றனர்.

வி.சி.க. மூன்றாவது அணிக்குச் சென்றதற்கும் காரணம் இருந்தது. வாக்குகள் வேண்டும், ஆட்சியில் பங்கு கிடையாது என்னும் பெரிய கட்சிகளின் வழக்கத்துக்கு எதிராகக் கூட்டணி ஆட்சி என்னும் முழக்கத்தை அது முன்வைத்தது. கோரிக்கை நியாயமானது, விலையோ கடுமையானது. 25 இடங்களில் நின்றும் ஓர் இடமும் இல்லை. காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் அ.தி.மு.க.விடம் 87 வாக்குகளில் தோற்றார். காங்கிரஸ் மூன்றாமிடம் பெற்றது. ஊருக்கு ஒரு சேரியாகச் சிதறிக் கிடக்கும் மக்களின் வாக்குகள், தனித் தொகுதியிலும்கூடத் தாமாகப் பெரும்பான்மை ஆவதில்லை.

எதிர்க்கட்சிகளின் பிளவே எல்லாவற்றையும் முடிவு செய்தது என்றும் சொல்லிவிட முடியாது. செய்யூர் தனித் தொகுதியில் வி.சி.க. தனி அணியாக நின்றபோதும் தி.மு.க. 304 வாக்குகளில் வென்றது. செங்கல்பட்டும் மதுராந்தகமும் அதன் வசமே சென்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின் கோபம் இப்பகுதியில் தணிந்திருக்கவில்லை. பிற மாவட்டங்களில் அம்மா உணவகமும் விலையில்லா அரிசியும், குறிப்பாகப் பெண்களிடையே, ஆளுங்கட்சிக்கென ஓர் உறுதியான அடித்தளத்தை அமைத்திருந்தன. அந்த அடித்தளம் இல்லாமல் எதிரிகளின் பிளவு மட்டும் எவரையும் மீண்டும் கோட்டைக்கு அனுப்பாது.

2021இல் தி.மு.க. அணியில் வி.சி.க.வுக்குக் கிடைத்தவை 6 இடங்களே. அவற்றில் 4இல் வென்றது. செய்யூர் அவற்றுள் ஒன்று. பொதுத் தொகுதியான திருப்போரூரில் பா.ம.க.வை நேருக்கு நேர் எதிர்கொண்ட எஸ்.எஸ். பாலாஜி 1,947 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஆயினும் அவ்வாண்டு அமைந்த அமைச்சரவையில் அக்கட்சிக்கு இடமளிக்கப்படவில்லை.