கைப்பையில் ஓர் ஆணுறை

இலங்கையில் பாலியல் தொழிலாளர்களைப் பொலிஸ் பிடிப்பது பெரும்பாலும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். தொழிலையே குற்றம் என்று அது நேராகச் சொல்லவில்லை. பொது இடத்தில் ஆள் அழைப்பதையும் அநாகரிகமாக நடப்பதையும்தான் தண்டிக்கிறது. அந்த இடைவெளியில் பலமுறை சாட்சியாக வந்து நின்றிருப்பது, கைப்பையில் கிடக்கும் ஆணுறைப் பக்கெட். அதை இலவசமாகக் கொடுப்பதோ அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையம்!

பயந்தவள் அதை எடுத்து வராமலே தொழிலுக்கு வருவாள். எச்.ஐ.வி.க்கு இதைவிட வசதி வேண்டுமா?

எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போவதும் இதே பயக் கதைதான். உடப்புசல்லாவையில் பஸ் ஏறினால் இராகலை வழியாக நுவரெலியா; அங்குள்ள அரசாங்க சிகிச்சை நிலையத்தில் பரிசோதனை இலவசம். ஆனால் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி "எங்க போய்ட்டு வாறீங்க அக்கா?" என்று கேட்பாளே!

இங்கே சாட்சியாகும் அதே ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளக்கூடாதென்று பக்கத்து நாட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது.