சிரிப்பின் சொந்தக்காரி

1951 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது லூசில் பாலுக்கு வயது 40. மூன்று மாதங்களுக்கு முன்புதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. அதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் தலைகாட்டியிருந்தார். எதுவும் அவரை முதல் வரிசைக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் 180 எபிசோடுகள் ஓடி 1957இல் தொடர் நின்றபோது, அமெரிக்காவில் அவரைத் தெரியாத வீடு அபூர்வம். பிறவியிலேயே கோமாளிக்கலை வாய்த்த ஒருவர், தொலைக்காட்சி வந்ததும் தனக்கான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பாராட்டுபோலத் தோன்றினாலும் இது அவரைக் குறைத்து மதிப்பிடுகிறது. லூசில் பால் சிரிக்கவைப்பதை வரமாக நினைக்கவில்லை, வேலையாக நினைத்தார். வேலை என்று நினைத்ததால்தான் அதன் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்றும் கேட்டார். திரையில் அவர் காட்டிய அசட்டுத்தனமும் திரைக்கு வெளியே காட்டிய கெட்டிக்காரத்தனமும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பிறவித் திறமை என்ற வாதத்தை அவருடைய கலைவாழ்வின் முதல் இருபது ஆண்டுகளே மறுக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பதின்வயதில் நியூயார்க்கின் நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். உடன் படித்த, பின்னாளில் நட்சத்திரமான பெட்டி டேவிஸ் அங்கே கொண்டாடப்பட்டார். கூச்சம் மிகுந்த லூசில் தேறமாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1933இல் ஹாலிவுட்டுக்கு வந்து கும்பலில் ஒரு நடன மங்கையாகத் தொடங்கி, ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையாகக் குறைந்த செலவுப் படங்களில் உழன்றார். திருப்பம் மெல்லத்தான் வந்தது. மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டனிடம், கையிலிருக்கும் பொருளை வைத்து எப்படிச் சிரிப்பு உண்டாக்குவது என்று கற்றார். 1948இல் தொடங்கிய ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ வானொலித் தொடர், அரங்கில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் சிரிப்பை அளந்து நடிக்கப் பழக்கியது. ‘ஐ லவ் லூசி’ வந்த பிறகும் ஒவ்வொரு வாரமும் பல நாள் ஒத்திகைக்குப் பின்பே பார்வையாளர் முன்னிலையில் படப்பிடிப்பு நடந்தது. எழுத்தாளர்களில் ஒருவரான மேடலின் பியூ, லூசி செய்யவேண்டிய உடல் சாகசங்களைத் தானே செய்துபார்த்து, முடியும் என்று தெரிந்த பிறகுதான் எழுதினார். 1952இல் ஒளிபரப்பான சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை இன்றும் உலகம் பார்த்துச் சிரிக்கிறது. நகரும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும் சாக்லேட்டுகளைச் சுற்றிமுடிக்க முடியாமல் லூசி வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார். தானாக நடந்த குளறுபடியாகவே அது தெரிகிறது. ஆனால் எந்தச் சாக்லேட் எப்போது எங்கே போகவேண்டும் என்பது வரை ஒத்திகையில் தீர்மானிக்கப்படாமல் அத்தனை துல்லியம் வந்திருக்காது.

உழைப்பின் மதிப்பை அறிந்தவர் பேரம் பேசவும் அறிந்திருந்தார். வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சிபிஎஸ் விரும்பியபோது, கணவராக நடிக்கத் தன் சொந்தக் கணவர் டெசி அர்னாஸ்தான் வேண்டும் என்றார். டெசி கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவர். அமெரிக்க வெள்ளைப் பெண்ணுக்கு அப்படியொரு கணவர் என்றால் மக்கள் நம்பமாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. இருவரும் 1950இல் ஊர் ஊராக மேடையேறி, மக்கள் ஏற்பார்கள் என்று காட்டினார்கள். அடுத்த சிக்கல் இடம். அன்றைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாக வந்தன. மற்ற ஊர்களுக்குத் திரையைப் படமெடுத்த மங்கலான பிரதிகள் போயின. ஹாலிவுட்டைவிட்டு நகர இத்தம்பதி மறுத்தார்கள். தெளிவான படம் வேண்டும் என்று விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் மறுபுறம் கேட்டது. மூன்று கேமராக்களில் 35 மி.மீ. சுருளில் எடுப்பது என்று முடிவானது. ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் அதற்கான ஒளியமைப்பை வகுத்தார். செலவு கூடியது. சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறோம், படச்சுருளின் உரிமை எங்கள் டெசிலூ நிறுவனத்துக்கு வரட்டும் என்றார்கள். ஒளிபரப்பானதோடு நிகழ்ச்சியின் ஆயுள் முடிந்தது என்று நினைத்த காலம் அது. சிபிஎஸ் தயங்காமல் கொடுத்துவிட்டது.

அந்தச் சுருளின் அருமை இரண்டாவது குழந்தை பிறக்கும்போதே தெரிந்தது. லூசில் கர்ப்பமானதும் கதையிலும் லூசி கர்ப்பமானார். கர்ப்பிணியைத் திரையில் காட்டத் தயங்கிய அக்காலத்தில், மதகுருமார்களிடம் காட்டியபிறகே அந்த எபிசோடுகள் வெளிவந்தன. முன்கூட்டியே படமெடுத்திருந்ததால், 1953 ஜனவரி 19 அன்று நிஜக் குழந்தையும் கதைக் குழந்தையும் ஒரே நாளில் பிறந்தார்கள். அன்று சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் சுமார் 2.9 கோடி. தாய்க்கு ஓய்வு தேவைப்பட்டபோது பழைய எபிசோடுகள் மீண்டும் ஓடின. அவற்றுக்கும் ஆள் இருந்தது. மறுஒளிபரப்பு என்ற பெரும் வணிகத்துக்கு அடித்தளம் இட்டவற்றுள் இந்தப் பேறுகால விடுப்பும் ஒன்று. பின்னர் அந்த எபிசோடுகளின் உரிமையைச் சிபிஎஸ்ஸே 50 லட்சம் டாலரை ஒட்டிய தொகைக்குத் திருப்பி வாங்கியது. 1957இல் டெசிலூ ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவை விலைக்கு வாங்கியது. ஒருகாலத்தில் லூசிலைக் குறைந்த செலவுப் படங்களில் தேய்த்த அதே ஆர்.கே.ஓ.

வணிகம் எல்லாம் டெசியின் மூளை, லூசில் நடித்தது மட்டும்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. மூன்று கேமரா முறையைச் செயல்படுத்தியதிலும் நிறுவனத்தை வளர்த்ததிலும் டெசியின் பங்கை மறைத்தால் அது அநியாயம். ஆனால் டெசியை அந்த இடத்தில் அமர்த்தியதே லூசிலின் பிடிவாதம்தான். 1960இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் டெசியின் பங்கை வாங்கி லூசில் தலைவரானார். அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். செலவைக் கண்டு அஞ்சிய நிர்வாகிகளின் எதிர்ப்பை மீறி ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்கு ஒப்புதல் அளித்தார். ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரும் அவர் காலத்ததே. 1967இல் நிறுவனத்தை விற்றபோது விலை சுமார் 1.7 கோடி டாலர்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. நிஜத்தில் முதலாளியாக இருந்தவர், திரையில் கணவனுக்குப் பயந்து பொய்சொல்லும் மனைவியாக ஏன் நடித்தார்? மேடையேற ஆசைப்படும் லூசி ஒவ்வொரு வாரமும் தோற்று அடுக்களைக்குத் திரும்புகிறார். கணவன் அவரைக் குழந்தைபோல மடியில் போட்டு அடிக்கும் காட்சிகள்கூட உண்டு. அவற்றுக்கு இன்று சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் போர்க்காலத்தில் வேலைக்குப் போன பெண்களை வீட்டுக்குத் திரும்பச் சொன்ன நாட்டில், அந்த வீடு போதவில்லை என்று வாரந்தோறும் கிளம்பும் ஒருத்தியை மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். அவள் அடங்குவது கடைசி ஓரிரு நிமிடங்களில். முரண்டுபிடிப்பது மீதி நேரம் முழுக்க. நினைவில் தங்கியதும் அந்த முரண்டுதான். இதை வைத்து லூசிலைப் பெண்ணியப் போராளி ஆக்கவேண்டாம். சந்தை எதை அனுமதித்ததோ அதற்குள் நின்று, அதன் விளிம்பை இடித்துப் பார்த்தார்.

உரிமை கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அல்ல. 1986இல் ஏபிசி நிறுவனம் கேட்ட சுதந்திரத்தையெல்லாம் கொடுத்து ‘லைஃப் வித் லூசி’ எடுக்கவைத்தது. 75 வயதில் பழைய சேட்டைகளையே திரும்பச் செய்தார். எட்டு எபிசோடுகளோடு தொடர் நிறுத்தப்பட்டது. தட்டிக்கேட்டுத் திருத்த, ‘ஐ லவ் லூசி’யின் தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர் போன்ற ஒருவர் அப்போது அருகில் இல்லை. ‘ஐ லவ் லூசி’யில் அண்டைவீட்டுத் தம்பதியாக வந்த விவியன் வான்ஸும் வில்லியம் ஃபிராலியும் சம்பளக்காரர்களே என்பதையும் மறக்கக்கூடாது, படச்சுருள் அவர்களுக்குச் சொந்தமில்லை. 1989இல் லூசில் மறைந்தார். மறுஒளிபரப்பில் நடிகருக்கு என்ன பங்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2023இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இணையவழித் திரையிடலில் கிடைக்கும் பங்கும் ஒரு முக்கியக் காரணம். நகைச்சுவை நடிகையைப் பார்த்து ‘என்ன இயல்பு!’ என்று வியக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அதன் பின்னுள்ள உழைப்பையும் அதற்குரிய பங்கையும் கணக்கில் எடுக்கத் தவறுகிறோம். லூசில் பாலுக்குச் செய்யும் மரியாதை, அவரைப் போன்றவர்களின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது.