ரிப்போர்ட் 'நார்மல்' என்றாலும் விடாதீர்கள்

தொப்புள்கொடி விழும்போது ஒரு சொட்டு இரத்தம் கசிவது சகஜம். நாள்கணக்கில் கசிந்தால் அது சகஜமல்ல. உறைவுக் காரணி 13 இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் பலரிடம் முதலில் தென்படும் அடையாளம் இதுதான். ஏறத்தாழ 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய குறைபாடு. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். தாய், தந்தை இருவர் வழியாகவும் பழுதான மரபணு சேர்ந்தால்தான் நோய் என்பதால், தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வீடுகளில் வாய்ப்பு கூடுகிறது.

இந்த நோயில் இரத்தம் உறையத்தான் செய்கிறது. ஆனால் உறைந்த கட்டியை இறுக்கிப் பிணைப்பது 13ஆம் காரணியின் வேலை. அது இல்லாததால் கட்டி தளர்ந்து கரைந்து, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மறுபடி கசிகிறது. வழக்கமாக எடுக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் உறையத் தொடங்கும் நேரத்தை மட்டுமே அளப்பவை. ஆகவே 'எல்லாம் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து, சிகிச்சை பெறாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்படுகிறது. பெண்களுக்குக் கரு அடுத்தடுத்துக் கலைவதும் உண்டு. இரத்தவியல் மருத்துவரிடம் போய், காரணி 13 சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

கண்டுபிடித்துவிட்டால் சமாளிப்பது அவ்வளவு கடினமல்ல. இந்தக் காரணி உடலில் வாரக்கணக்கில் தங்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிரையோபிரெசிபிடேட் எனும் இரத்தப்பொருளோ காரணி மருந்தோ ஏற்றினால் பெரும்பாலும் போதும். ஆஸ்பிரின் கூடாது. தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உரிமை என்று வரும்போதுதான் சிக்கல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஹீமோபிலியா என்ற இரத்த உறைவுக் குறைபாடு இருக்கிறது. அதற்கான விளக்கமோ 'பெரும்பாலும் ஆண்களை மட்டும் பாதிக்கும்' நோய் என்கிறது. 13ஆம் காரணி இல்லாத பெண்பிள்ளை மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டுப் போனால் திருப்பி அனுப்பப்பட இடம் இருக்கிறது. இது சட்டம் எழுதியவர்களின் குறை, நோயாளியின் குறையல்ல. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு பிள்ளைக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களையும் சோதித்துவிடுங்கள். பல் பிடுங்குவதற்கு முன்பே, பிரசவத்துக்கு முன்பே.